தண்ணி நம்ம கையில இல்ல தம்பி

2022 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். ஈக்காட்டுத்தாங்கலில் நான் குடியிருக்கும் வீட்டின் இரும்பு கேட்டை யாரோ தட்டினார்கள். மாநகராட்சித் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வெளியே நாலைந்து பெண்கள். நடுவில் நின்றவர் சுயேச்சை வேட்பாளர். நாற்பது வயதிருக்கும். மாலை, மேளம் எதுவும் இல்லை. ஒரு கட்டு நோட்டீஸை இடுப்போடு சேர்த்து அணைத்திருந்தார்.

"ஓட்டு இங்கதான இருக்கு தம்பி?"

"இல்லக்கா, ஊர்ல இருக்கு."

"எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம்."

கூட வந்தவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். ஓட்டில்லாத வாசலில் நின்று என்ன ஆகப்போகிறது? அவர் மட்டும் ஒரு நோட்டீஸை உருவி என் கையில் கொடுத்தார். "பரவால்ல, படிச்சுப் பாரு. இந்தத் தெருவுலதான இருக்க."

நோட்டீஸில் ஒன்பது வாக்குறுதிகள். தினமும் குடிநீர், சாக்கடை அடைப்புக்குத் தீர்வு, ஆற்றோரம் தடுப்புச் சுவர், பட்டா, பக்கத்திலேயே ரேஷன் கடை, தெருவிளக்கு, குப்பை, கொசு ஒழிப்பு, கடைசியாக மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கழிப்பறை. நான் கொஞ்சம் வேலைவெட்டி இல்லாதவன். ராத்திரி ஒரு பேனாவை எடுத்து, இதில் எதெல்லாம் ஒரு கவுன்சிலரின் மன்றத்தால் செய்ய முடியும் என்று வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி நாலுக்குத்தான் வட்டம் விழுந்தது. முதல் ஐந்தும் மாநகராட்சியின் கையிலேயே இல்லை. குடிநீரும் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். ஆறு, மாநில அரசின் நீர்வளத் துறை. பட்டா வருவாய்த் துறை. ரேஷன் கடை உணவுத் துறை.

இரண்டு நாள் கழித்து முனைக் கடையில் அவரைப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தண்ணி நம்ம கையில இல்ல தம்பி, எனக்குத் தெரியாதா? ஆனா தண்ணி வரலன்னா சனம் யார் வீட்டுக்கு வரும்? கவுன்சிலர் வீட்டுக்குத்தான். நோட்டீஸ்ல தண்ணி இல்லன்னு வையி, இவளுக்கு ஏரியாவே தெரியலன்னு கிழிச்சுப் போட்டுருவாங்க."

அவர் தோற்றுப்போனார். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஒரு வார்டு மனுஷிக்கு முதல் தேவையாக இருப்பது, அந்த வார்டின் பிரதிநிதிக்குக் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இது எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? இல்லையென்றால் எப்போது கைமாறியது?

*

எங்கள் ஏரியாவின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. மழைநீரைத் தாங்கி வைத்திருந்து வயலுக்கு விடும் நீர்நிலை. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இன்றைக்கு ஈக்காட்டுத்தாங்கல் என்றால் மெட்ரோ ஸ்டேஷன், நூறடி ரோடு, ஒரு பக்கம் அடையாற்றுப் பாலம், இன்னொரு பக்கம் 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை. வேலைக்கு வந்து வாடகைக்குத் தங்கியிருக்கும் என்னைப் போன்றவர்கள் தெருவுக்குத் தெரு.

பழைய செங்கல்பட்டுப் பகுதி ஏரிகளுக்குப் பேர்போனது. ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி வந்தால் எல்லோரும் உத்திரமேரூருக்குப் போவார்கள். நானும் போகிறேன், கொஞ்சம் எச்சரிக்கையோடு. அங்கே முதலாம் பராந்தகச் சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை, சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் மொழியில் முப்பது வார்டு. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி வந்தவர்களிலிருந்து ஆண்டு முழுக்க வேலை பார்க்கும் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் அமையும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

இதைச் சொல்லி "அப்பவே ஜனநாயகம்" என்று மார்தட்டுவது நம் வழக்கம். ஆனால் அது பிராமணர்களின் சபை. வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. அந்த ஏரித் தண்ணீரில் இறங்கி நாற்று நட்டவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. வாடகைக்குக் குடியிருக்கும் என் பெயரும் விழுந்திருக்காது.

இருந்தாலும் அதில் ஒரு சொல்லை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். வாரியம். ஊர் தனக்குள்ளிருந்து ஆளெடுத்து, ஒரு வருஷத்துக்கு மட்டும் ஏரியை ஒப்படைக்கும் குழுவுக்கு அப்போது வாரியம் என்று பெயர். இந்தச் சொல்லை நாம் பிறகு வேறொரு இடத்தில் சந்திப்போம்.

*

சென்னை மாநகராட்சியின் பிறப்புக் கதை இவ்வளவு அழகாக இருக்காது. அது வரியில் தொடங்குகிறது.

1680களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் ஒரு தலைவலி இருந்தது. கோட்டையையும் ஊரையும் காக்கப் பணம் வேண்டும். கோட்டைக்கு வெளியே குடியிருந்தவர்கள் மீது வரி போட்டால் அவர்கள் எதிர்க்கிறார்கள். லண்டனில் இருந்த ஜோசையா சைல்டு ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிநாட்டுக் கம்பெனி வரி கேட்டால் கொடுக்க மாட்டார்கள், தங்கள் ஆட்களே உட்கார்ந்து போட்ட வரி என்றால் கொடுப்பார்கள். அப்படித்தான் 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் வந்தது. 1688 செப்டம்பர் 29இல் மாநகராட்சி நடைமுறைக்கு வந்தது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். பன்னிரண்டு ஆல்டர்மன்களில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியர், யூதர், உள்ளூர் வணிகர்கள் எல்லாம் இருந்தார்கள். ஊர்மன்றக் கட்டடம், சிறைச்சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு வரி போடலாம் என்பது ஏற்பாடு. மக்கள் அப்போதும் சுலபமாக வரி கொடுத்துவிடவில்லை.

நாட்டிலேயே பழைய மாநகராட்சி என்று நாம் பெருமையாகச் சொல்லும் அமைப்பின் முதல் முன்னுரிமை, மக்களை வரி கட்டச் சம்மதிக்க வைப்பதுதான். பிரதிநிதி என்பவர் மேலிருந்து வரும் முடிவுக்குக் கீழே சம்மதம் வாங்கித் தரும் ஆள். இந்த அச்சு அத்தனை சீக்கிரம் உடையவில்லை. உடைவதற்கு இருநூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

*

1919இல் சென்னை மாநகராட்சிச் சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. அப்படி வந்தவர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவர். தி.நகர் என்று நாம் சுருக்கிவிட்ட தியாகராய நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரை நினைக்கும்போது எனக்குக் கடைத்தெரு ஞாபகம் வருவதில்லை. ஒரு தேதிதான் ஞாபகம் வருகிறது. 1920 செப்டம்பர் 16.

அன்றைக்கு ரிப்பன் மாளிகையில் கூடிய மாமன்றத்தின் முன்னால் இருந்த விஷயம் ரொம்பச் சின்னது. ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடம். பசியோடு பிள்ளைகள் வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. மதியம் சாப்பாடு போட்டால் வருவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. தீர்மானம் நிறைவேறியது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவியது. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு மறுத்ததால் 1925இல் நின்றுபோனது.

நின்றது, ஆனால் மறக்கப்படவில்லை. 1956இல் காமராஜர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு வார்டுப் பள்ளியின் பசி, ஓர் அணா கணக்கு, எண்பது வருஷத்தில் இந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அதே 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு தியாகராயருக்கு வந்தது. மறுத்துவிட்டார். ரிப்பன் மாளிகையிலிருந்து ஜார்ஜ் கோட்டைக்குத் தூரம் ரொம்ப இல்லை. அந்தத் தூரத்தை நடக்க அவருக்கு அவசரம் இல்லை. அவருடைய யோசனைதான் நடந்து போனது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ஓட்டு எல்லோருக்கும் இல்லை. சொத்துள்ளவர்களும் வரி கட்டுகிறவர்களும்தான் வாக்காளர்கள். ஆயிரம் விளக்குப் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பலருக்கு அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்திருக்காது. ஓட்டில்லாத வீட்டின் பிள்ளைக்குச் சோறு போடுவதை ஒரு மன்றம் முன்னுரிமையாக எடுத்தது என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம்.

*

அடுத்த காட்சியில்தான் தண்ணீர் வருகிறது.

அப்போது சென்னைக்குக் குடிநீர் கொடுப்பது மாநகராட்சியின் வேலை. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் சுத்திகரித்துக் குழாயில் விடும் நிலையம் வந்தது. நகரம் பெருகப் பெருக அந்தத் தண்ணீர் போதவில்லை.

1939இல் சத்தியமூர்த்தி மேயர் ஆனார். காங்கிரசின் பெரிய பேச்சாளர், காமராஜரின் அரசியல் குரு. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. போர்க்காலத்தில் அணை கட்டப் பணமும் பொருளும் கேட்பது என்றால், அதுவும் பிரிட்டிஷ் கவர்னரிடம் ஒரு காங்கிரஸ்காரர் கேட்பது என்றால், யோசித்துப் பாருங்கள். கேட்டார். வாங்கினார். 1940 ஆகஸ்டில் பூண்டியில், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே, அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943 மார்ச்சில் இறந்துபோனார். இன்று அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

ஒரு மேயரின் பதவிக்காலம் அப்போது ஒரே ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் ஓர் ஆள் நகரத்துக்கு எது முதலில் வேண்டும் என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டார். 'தினமும் குடிநீர்' என்று அவர் ஒரு நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது. தண்ணீர் அவர் அமர்ந்திருந்த மன்றத்தின் கையில் இருந்தது.

*

பிறகு என்ன ஆனது?

1959 தேர்தலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நூறு இடங்களில் தி.மு.க. 45 இடம் பிடித்தது. அ.பொ. அரசு மேயரானார். தேர்தல் வேலையைத் தோளில் சுமந்த மு. கருணாநிதிக்கு வெற்றிக் கூட்டத்தில் அண்ணா கணையாழி அணிவித்தார். எட்டே வருஷத்தில், 1967இல், அதே கட்சி கோட்டைக்குள் நுழைந்தது. கட்சி வரலாற்றில் 1959 ஒரு முதல் படிக்கட்டு. நகர வரலாற்றில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ரிப்பன் மாளிகை என்பது கோட்டைக்குப் போகும் வழி என்று எல்லாக் கட்சிகளுக்கும் தெரிந்துவிட்டது. படிக்கட்டு என்று ஆன பிறகு, ஏறியவர் எவரும் அதை இன்னொருவர் ஏற விட்டுவைக்க விரும்ப மாட்டார்.

1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. தற்காலிகத் தொழிலாளர்களின் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு பயந்த அதே விஷயம், கணக்கு. அந்த டிசம்பரில் மாமன்றம் கலைக்கப்பட்டது. சரி, ஊழல் செய்தவர்களைத் தண்டித்துவிட்டு, புதிதாகத் தேர்தல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எவ்வளவு நாள் வைக்கவில்லை தெரியுமா? இருபத்து மூன்று வருஷம். அப்போது ஓட்டுரிமை வயது 21. 1974இல் இருபத்தொன்று முடிந்த ஒருவர், தன் முதல் மாநகராட்சி ஓட்டைப் போடும்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. நடுவில் கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று முதலமைச்சர்கள் மாறினார்கள். மூன்று முறைக்கு மேல் கவர்னர் ஆட்சி வந்தது. ரிப்பன் மாளிகையில் மட்டும் தனி அதிகாரி மாறித் தனி அதிகாரி வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் பாத்திரம் பண்டம் எல்லாம் மெதுவாக வெளியே போவதுபோல, மாநகராட்சியின் வேலைகள் வெளியே போன காலத்தின் பெரும்பகுதி இதுதான். மன்றம் இருந்தபோதே 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்திருந்தது. நகரத் திட்டமிடல் 1970களில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு, நாம் சி.எம்.டி.ஏ. என்று சொல்வதற்கு, போனது. 1978இல் சட்டம் போட்டு, தண்ணீரும் கழிவுநீரும் ஒரு புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டன. அதன் முழுப் பெயர் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்.

வாரியம். பத்தாம் நூற்றாண்டில் ஊர் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷம் முடிந்ததும் கணக்குக் கேட்ட குழுவின் பெயர், இருபதாம் நூற்றாண்டில் ஊர் தேர்ந்தெடுக்காத ஓர் அமைப்பின் பெயராகிவிட்டது. பூண்டியும் செங்குன்றமும் கீழ்ப்பாக்கமும் அங்கே போயின.

இதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. கிருஷ்ணா நீரும் வீராணம் ஏரியும் எங்கோ இருக்கின்றன. பெரிய குழாய், பெரிய கடன், தேர்ந்த பொறியாளர்கள், இதையெல்லாம் தனி அமைப்பு நன்றாகச் செய்யும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் மும்பையைப் பாருங்கள். அங்கே குடிநீர் இன்றும் மாநகராட்சியிடம்தான். மத்திய வைதர்ணா அணையை 2014இல் கட்டி முடித்ததே மாநகராட்சிதான். கே.இ.எம். போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளையும் அது நடத்துகிறது. பெரிய வேலை என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை விட்டுப் போக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. (ஊர் மன்றத்தை மூடி வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986இல் தாட்சர் அரசு லண்டன் பெருநகர மன்றத்தையே ஒழித்தது. முழு லண்டனுக்கும் மறுபடி தேர்தல் நடக்க 2000 வரை ஆனது.)

*

1992இல் நாடாளுமன்றம் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நகராட்சித் தேர்தல் கட்டாயம். பன்னிரண்டாவது அட்டவணையில் பதினெட்டு வேலைகளின் பட்டியல். நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாமே அதில் இருக்கின்றன. என் நோட்டீஸின் முதல் வரிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் இந்த அதிகாரங்களை மாநில அரசு உள்ளாட்சிகளுக்கு 'அளிக்கலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த 'லாம்' என்ற விகுதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது நம் கவுன்சிலர்களின் வாழ்க்கை.

1996இல் தேர்தல் வந்தது. மு.க. ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரானார். மேம்பாலங்கள் எழுந்தன. 2006இல் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2011இல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி மேயர். 2022இல் மறுபடி மறைமுகத் தேர்தல். மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விதியை மாற்றி மாற்றி எழுதினார்கள். மேயர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 2011இல் நகரமே பெரிதானது. ஆலந்தூர், அம்பத்தூர் உட்பட 42 உள்ளாட்சிகள் சேர்ந்து 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. வார்டு இருநூறு ஆனது.

2013 பிப்ரவரியில் சாந்தோமில் முதல் அம்மா உணவகம் திறந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி. மாநகராட்சியின் இடம், மாநகராட்சியின் செலவு. நானும் வேலை தேடிய நாட்களில் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், அந்த இட்லிக்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் 1920ஐயும் 2013ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இரண்டுமே பசிக்குப் போட்ட சோறு. முதலாவது ரிப்பன் மாளிகையில் பிறந்து கோட்டைக்குப் போனது. இரண்டாவது கோட்டையில் பிறந்து ரிப்பன் மாளிகைக்கு வந்தது. இன்றைக்கு முன்னுரிமைகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. கவுன்சிலர் அதைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்டுகிறார்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை என்று வழக்கு. குறையைச் சரிசெய்து தேர்தல் வைக்க எவ்வளவு காலம் வேண்டும்? ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. கொரோனா வந்தபோது, தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தபோது, சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

*

என் வீட்டுக்காரம்மா சமையலறைச் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் 2.12.15 என்று எழுதியிருக்கிறது. எத்தனையோ முறை வெள்ளையடித்தும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுவார். என் நெஞ்சு உயரம் இருக்கும். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்ட அந்த ராத்திரி, அடையாறு ஜாபர்கான்பேட்டையிலும் இங்கேயும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் வந்தது. நான் அப்போது சென்னையில் இல்லை.

"யாருகிட்ட கேக்கறதுன்னே தெரியல தம்பி. அணை ஒருத்தர்கிட்ட, ஆறு ஒருத்தர்கிட்ட, தெருத் தண்ணிக்கு ஒருத்தர், சாக்கடைத் தண்ணிக்கு ஒருத்தர். வீட்டுக்குள்ள வந்தப்போ எல்லாம் ஒரே தண்ணியாத்தான் வந்துச்சு."

நான் நாலு புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, தேர்தல். சென்னையில் 43.59 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். மாநிலத்திலேயே குறைவு. 28 வயது பிரியா மேயரானார். அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் பெண். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் கிராமத்தின் உள்ளாட்சித் தேர்தல் முந்தைய அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பஸ் பிடித்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். நான் வருஷத்துக்குப் பத்து நாள் இருக்கும் ஊரில் எனக்குத் தெருக்குழாய் பற்றிப் பேச உரிமை இருக்கிறது. முந்நூற்றைம்பது நாள் தண்ணீர் பிடிக்கும் ஊரில் இல்லை.

இந்த நகரத்தின் கதையைத் திரும்பிப் பார்த்தால் வாடகைக்காரனை எல்லாக் காலத்திலும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். உத்திரமேரூர் சொந்த மனை கேட்டது. 1920 வரி ரசீது கேட்டது. இன்றைய சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக எங்கே வசிக்கிறாயோ அங்கே பதிந்துகொள் என்கிறது. என்னை வெளியே நிறுத்தியது நான்தான். "ஊர்ல ஓட்டு இருக்கட்டும்" என்று அப்பா சொன்னார். விட்டுவிட்டால் ஊரே விட்டுப்போன மாதிரி ஆகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் என்னைப் போல எத்தனை பேர் என்று என் தெருவில் மட்டும் விசாரித்தேன். வாடகைக்கு இருக்கும் பையன்களில் ஒருத்தனுக்கும் இங்கே ஓட்டில்லை. கவுன்சிலருக்கு அதிகாரம் இல்லை என்று டீக்கடையில் சலித்துக்கொள்கிறோம். அவரிடம் கேட்கும் அதிகாரத்தை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை. கேட்க ஆள் இல்லாத மன்றத்திடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போவது சுலபம். 1973க்குப் பிறகு நடந்ததும் அதுதானே.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் ஏரியா சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை மாதிரி, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஜனங்களைக் கூட்டிப் பேசுவது. நானும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், முப்பது பேர். பாதிப் பேர் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தச் சுயேச்சை அக்காவும் வந்திருந்தார். தோற்றவர் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். யார் என்ன கேட்டார்கள், அது எந்தத் துறை என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கேட்டார், "ஓட்ட மாத்திட்டியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"அப்புறம் இன்னா கூட்டத்துக்கு வர்ற?" என்று சிரித்துவிட்டு, பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்து இடம் கொடுத்தார்.

அந்த வாரம் படிவம் 8ஐ நிரப்பி அனுப்பினேன். முகவரிச் சான்றுக்கு வீட்டுக்காரம்மா கேஸ் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும் தேடிக் கொடுத்தார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நோட்டீஸ் என் மேஜை டிராயரில் இருக்கிறது, நாலு வட்டத்தோடு. அடுத்த தேர்தலுக்கு யார் கேட்டைத் தட்டினாலும் அதை எடுத்து நீட்டி, மிச்சம் ஐந்தையும் கைக்குக் கொண்டுவர என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.